என் பக்கத்துக் கிணறு

வாம்மா. செருப்ப அங்கனயே விட்டுரு. தலையக் குனிஞ்சு வா, இந்த நிலை தாழ்வு. எங்க தாத்தா கட்டுன வீடு. எவனும் இதுக்குள்ள நிமிந்துக்கிட்டு வரக்கூடாதுன்னே கட்டிருக்காரு. வெவரமான மனுசன்.

நேரா நட. இது பட்டாசல், முன்கூடம். இது அரங்கு, உள்ளறை. இது அடுப்படி, அங்கன பாக்காத, ஏனம் கழுவாமக் கெடக்கு. நீ தோட்டத்தப் பாக்க வந்தவ, என் அடுப்படியப் பாக்க வரல. இந்தக் கதவத் தாண்டுனா பொறவாசல்.

இதுதான். பாத்துக்கோ.

ஒம் மூஞ்சி போற போக்கப் பாத்தாலே தெரியுது. ஒனக்கு முன்னால வந்த நர்சரிக்காரனும் இப்படித்தான் சுழிச்சான். டவுண்ல கோயிலச் சுத்தி இருக்க பழைய வீடெல்லாம் இப்படித்தாம்மா. இந்தத் தெருவுல வாசல் இருந்தா பொறவாசல் அடுத்த தெருவுல போயி முட்டும், ஆனா அகலம் மட்டும் இருக்காது. இது முன்னால இத மாதிரி ரெண்டு பங்கு அகலம். இப்ப பாதி. மிச்சப் பாதி அன்னா, செவுத்துக்கு அந்தப் பக்கம். அங்கன ஒரு சவம் குடியிருக்கு. என் தம்பி.

வெயிலு எப்ப விழும்னு கேக்கியா? விழாது. உச்சி நேரத்துல அந்த மூலையில ஒரு வேட்டி அகலத்துக்கு விழும், நீ நாற்காலியத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள போயிரும். மத்தபடி நாள் பூரா நெழலு. நசநசன்னு பாசி. பாத்துக் கால வையி, நானே ரெண்டு மட்டம் விழுந்துட்டேன்.

செவரப் பாக்காத. நீ என்ன சொல்லப் போறன்னு எனக்குத் தெரியும். அந்த நர்சரிக்காரனும் அதத்தான் சொன்னான். சார், செவரக் கொஞ்சம் எறக்குனா வெளிச்சம் வரும்னான். நீ செடி விக்க வந்தியா, பங்காளிக்குத் தூது வந்தியான்னு கேட்டேன். அந்தச் செவரு நான் கட்டுனது. மொதல்ல ஆள் ஒசரந்தான் வச்சேன். அந்தப் பக்கம் கொடியில சேல காயப்போடுதது தெரிஞ்சுது, ஒசத்துனேன். பொறவு அவன் மாடி எடுத்தான். மாடியில நின்னுக்கிட்டு அவன் பல்லு வெளக்குதது தெரிஞ்சுது. காலங்காத்தால எந்திரிச்சு அந்த மூஞ்சியிலயா முழிக்கணும்? இன்னும் ஒசத்துனேன். வெயிலு அவன் பக்கத்துல இருந்துதான் வருது. அவன் பக்கமே நின்னுக்கிடுது. அதுக்கு நான் என்ன செய்ய?

நான் சர்வேயரும்மா. அது தெரியாதுல்லா ஒனக்கு. சர்வீஸ் பூரா ஊர் நெலத்த அளந்தவன். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அருவாளோட நிப்பானுவ, நடுவுல நான் சங்கிலியப் போட்டு அளந்து, கல்ல நட்டுட்டு, போங்கலேன்னுட்டு வருவேன். தெய்வநாயகம் நட்ட கல்ல ஒருத்தனும் அசைச்சதில்ல. ஊரானுக்கு அவ்வளவு ஞாயமா அளந்தவன் என் வீட்ட விட்டுருவேனா? எங்கப்பா காலமானதும் பாகம் பிரிச்சோம். மூத்தவன்னு பழைய வாசல் எனக்கு வந்துச்சு. குத்தாலம் முன்பக்கத்து ஜன்னல இடிச்சு வாசலாக்கிக்கிட்டான். குத்தாலம்னா அவந்தான், தம்பி. கண்ணாடி பிரேம் போடுத கட வச்சிருக்கான். சாமி படமும் செத்தவன் படமும் மாட்டுத கட.

வீட்டுக்குள்ள செவரு எழுப்புத வரைக்கும் அவன் ஒண்ணும் பேசல. பொறவாசலுக்கு வந்ததும் வந்து நிக்கான். அண்ணே, இங்கன செவரு வேண்டாம், பொம்பளையளுக்குக் கெணறு ஒண்ணுதானன்னான். எப்படிப் பேசுதான் பாத்தியா? எளகுன மாதிரியே பேசுவான். இன்னிக்குச் செவரு வேண்டாம்பான், நாளைக்கு அவன் தென்னம்புள்ளைய என் பக்கத்துல வைப்பான், அதுக்கு அடுத்த நாள் இதெல்லாம் எங்க அனுபோகம்னு கேசப் போடுவான். நான் எத்தன கேசு பாத்திருக்கேன். கோட்ட இழுத்தேன். கோடு என்னன்னா, சரியா கெணத்துக்கு நடுவுல போகுது. இன்னா, இந்த எடத்துல.

அதுக்காக கோட்ட வளைக்க முடியுமா? ரெண்டு பழைய தண்டவாளத்த வாங்கி கெணத்துக் குறுக்க போட்டு, அதுக்கு மேல செவர எழுப்புனேன். அவன் பக்கம் பாதிக் கெணறு, ஒரு கப்பி. என் பக்கம் பாதி, ஒரு கப்பி. மேலதான் செவரு, கீழ தண்ணி ஒண்ணுதான்னு கொத்தனார் சிரிச்சான். சிரிக்கட்டும். தண்ணிக்கு எல்லைக்கல்லு நட முடியாது. ஆனா மனுசன் மூஞ்சிய மறைக்கலாம்லா, மறைச்சேன். அன்னைக்கோட அவன் வீட்டுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. நான் வச்ச சட்டம் என் வீட்டுல எல்லாருக்கும் சட்டம். என் வீட்டுக்காரி வடிவும் அந்த வீட்டுப் படி ஏறுனது கெடையாது. நான் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

அன்னம் அழகா இருக்குன்னு பாக்கியா? அது பைபரு. கழுத்துல தண்ணி பீச்சும். அதுக்கு வாரேன், பொறு.

ரிட்டையர் ஆன பொறவுதான் எனக்கு இந்தத் தோட்ட நெனப்பு வந்துச்சு. ஒரு பொஸ்தகத்துல படம் பாத்தேன். நல்ல பச்சப் புல்லு, ஒரு வட்ட மேச, வெள்ள நாற்காலி, ஒருத்தன் கால் மேல கால் போட்டு பேப்பர் படிக்கான். ஊருக்கெல்லாம் அளந்து குடுத்துட்டு நமக்குன்னு ஒரு சதுரம் இல்லயேன்னு தோணிச்சு. இங்கன அப்ப என்ன கெடந்துது? காடு. வடிவு வச்ச காடு. கெணத்தச் சுத்தி சேம்பு, ஒரு கறிவேப்பிலை, கற்பூரவல்லி, செவுத்துல பெரண்டை ஏறிக் கெடக்கும், மணத்தக்காளி, என்னமோ ஒரு மல்லிக்கொடி. ஒரு வரிசை உண்டா, ஒரு நேர்கோடு உண்டா? அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு. ஆளக் கூப்புட்டேன், எல்லாத்தையும் வேரோட எடுக்கச் சொன்னேன்.

என்னம்மா? அதெல்லாம் நெழலுல நல்லா வாற செடியா? இருக்கும். அதுக்காக சேம்ப வச்சுக்கிட்டு அதுக்கு நடுவுல உக்காந்து பேப்பர் படிக்கச் சொல்லுதியா?

வடிவு எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அது நல்ல கொணந்தான், நான் குத்தம் சொல்லல. கறிவேப்பிலைய வெட்டும்போது மட்டும் வாசல்ல வந்து நின்னா. நின்னுட்டு, என்ன வேணா செய்ங்க, கெணத்த மட்டும் விட்டுருங்கன்னா. நான் அதப் பெருசா எடுக்கல. மூடணும்னு அப்ப எனக்கு நெனப்பே கெடையாது. பொம்பள, தண்ணிக்குச் சொல்லுதான்னு நெனைச்சேன். ஆத்துத் தண்ணி குழாயில வீட்டுக்குள்ளயே வருது, இவளுக்கு எதுக்குக் கெணறு? சரி, ஒரு ஓரமா கெடந்துட்டுப் போகுதுன்னு விட்டேன். நல்லா ஞாபகம் வச்சுக்கோ, மொதல்ல நான் விட்டேன். பின்னால யாராவது கேட்டா அதச் சொல்லணும்.

அந்த நர்சரிக்காரன் புல்லக் கொண்டாந்தான். கொரியன் புல்லாம். பாய் மாதிரி சுருட்டிக் கொண்டாந்து விரிச்சான். மொத வாரம் பாக்கணும் நீ. படத்துல இருந்த மாதிரியே இருந்துச்சு. நாற்காலியப் போட்டேன். காலையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் உக்காந்திருப்பேன், கோழி கீழி வந்து கெளறிறக் கூடாதுல்லா. சாப்புட்டுட்டு மறுபடி வந்து உக்காருவேன். சர்வீஸ்ல இருந்த வரைக்கும் மத்தியான நேரத்துல வீட்டுல இருந்ததே கெடையாது, அதுதான் ரெண்டு வீட்டுப் பொம்பளையளுக்கும் வசதியாப் போச்சு.

ஒருநாள் சாப்புட்டுட்டு நாற்காலியில சாஞ்சு கண்ண மூடியிருந்தேன். தூங்கல. கண்ண மூடியிருந்தேன். கெணத்துக்குள்ள இருந்து ஒரு குரலு. அக்கான்னு. அடிவயித்துல இருந்து வாற மாதிரி கும்முன்னு வருது. வடிவு அடுப்படியில இருந்து ஈரக் கையோட வாரா. நேரா கெணத்துல போயி குனியுதா. என்னட்டி ஆவுடைங்கா.

ஆவுடை யாரு தெரியுமா? என் தம்பி குத்தாலம் பொண்டாட்டி.

அவுக அங்கனதான் இருக்காவளான்னு அவ கேக்கா. கொறட்ட விடுதாவ, நீ அனுப்புன்னு இவ சொல்லுதா. எனக்குக் கொறட்டையே வராது, அது வேற விசயம். நான் எமை வழியா பாத்துக்கிட்டே இருக்கேன். இங்கன ஒரு பாதாளக்கரண்டி தொங்கும். வாளி கயிறு அறுந்து கெணத்துல விழுந்தா எடுக்கதுக்கு வைக்கது, நெறைய கொக்கியோட, ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. அத இவ கயித்துல கட்டி எறக்குதா. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு தூக்குவாளி எறங்குது. செவுத்துக்கு அடியில, தண்ணிக்கு மேல, இவ அந்தக் கொக்கிய ஆட்டி அந்தத் தூக்குவாளிக் காதுல மாட்டி, பைய இந்தப் பக்கம் இழுத்து மேல ஏத்துதா. ஒரு தடவையில மாட்டுதாம்மா. கெணத்துச் செவுத்துல ஒரு தட்டுத் தட்டல. அவ்வளவு பழக்கம்.

அன்னைக்கு ராத்திரி சோத்துக்குச் சொதி. நல்ல சொதி, தேங்காப்பால் திரியாம, இஞ்சி வாசனையோட. நான் ஒரு வாய் வச்சேன். இது யாரு வச்சதுன்னு கேட்டேன். ஆவுடைன்னா. ஒரு முழி முழிக்கணும்லா? மோர ஊத்திக்கிட்டே சொல்லுதா. எத்தன நாளா நடக்குன்னேன். செவரு கட்டுனதுலருந்துன்னா.

எலையத் தள்ளி வச்சேன். செவரு கட்டுனதுலருந்துன்னா எவ்வளவு காலம்? எம் மகன் அப்ப பள்ளிக்கொடம் போறான், இப்ப அவனுக்குப் பிள்ள பள்ளிக்கொடம் போகுது. இத்தன வருசமா நான் யாரு வீட்டுச் சோத்தத் தின்னுருக்கேன்? எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப தெனம் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தா. எங்கன பறிச்சன்னு நான் கேக்கவே இல்ல. அது அந்தப் பக்கத்துக் கீழாநெல்லி. கேட்டேன், ஆமான்னா. எதிரி வீட்டு மருந்துல பொழைச்சிருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா குடிச்சிருக்கவே மாட்டேன்.

அதையும் பொறுத்தேன். கேளு. கடைசியா ஒண்ணுதான் கேட்டேன். கெணத்துல குனிஞ்சுக்கிட்டு அவகிட்ட அப்படி என்னதான் பேசுவ, என்னப் பத்தியான்னு கேட்டேன். எலைய மடிச்சுக்கிட்டே சொல்லுதா. ஒங்களப் பத்திப் பேச என்ன இருக்கு?

ஒங்களப் பத்திப் பேச என்ன இருக்கு. நீயே சொல்லு. என்னத் திட்டிருந்தாக்கூட சரின்னு விட்டுருப்பேன். ரெண்டு வீட்டுப் பொம்பளையளும் இத்தன வருசமா ரகசியமாப் பேசிருக்காளுவ, நான் போட்ட சட்டத்த மீறிப் பேசிருக்காளுவ, அதுல நான் ஒரு பேச்சாகூட இல்லன்னா என்ன அர்த்தம்? 

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கெணத்த மூடணும்.

இசக்கின்னு ஒரு கொத்தனார், தெரிஞ்ச பயதான். அவன் வந்து பாத்துட்டுத் தலையச் சொறியுதான். அண்ணாச்சி, ஊத்து உள்ள கெணத்த மூடுதது பாவம்ங்கான். ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமான்னேன். அப்பம் ஒரு பைப்பாவது விடணும், கெணறு மூச்சு விடணும், மூச்ச அடைச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு ஒரே புடியா நிக்கான். அது எல்லாரும் செய்யுததுதான். எங்க தெருவுல மூடுன கெணத்துக்கெல்லாம் பைப்பு இருக்கு. சரி, ஒரு பைப்பு விட்டுக்கோன்னேன். இன்னா, அன்னத்துக்குப் பின்னால இருக்குல்லா, அதுதான். எனக்கும் அந்தப் பாவம் எதுக்கு.

கம்பி கட்டி, பலகை அடிச்சு, என் பக்கத்துப் பாதிய மூடுதாவ. ஒரு ஆள் குனியுத அளவுக்கு எடம் பாக்கி. அப்பம் கீழ இருந்து அந்தக் குரலு. அக்கா, அங்கன என்ன சத்தம்? வேலையாள் எல்லாரும் நிறுத்திட்டானுவ. வடிவு வந்தா. எல்லாத்தையும் வெலக்கிக்கிட்டு வந்து, அந்த எடத்துல மண்டி போட்டு, குனிஞ்சு சொல்லுதா. ஒண்ணுமில்லட்டி, கெணத்த மூடுதாவ. இனிமே நான் வாசல் வழியா வாரேன். சொல்லிட்டு எந்திரிச்சு முழங்கால்ல இருந்த மண்ணத் தட்டிக்கிட்டு உள்ள போயிட்டா. இசக்கி என் மூஞ்சியப் பாக்கான். என்னல பாக்க, சிமிண்டக் கொழன்னேன்.

சும்மா சொல்லுதான்னுதான் நெனைச்சேன். ஆளுக முன்னால மானத்துக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறா, இது எங்க வாசல் வழியா போகப் போகுது? கான்கிரீட்டு போட்டா அது இறுகுத வரைக்கும் தெனம் தண்ணி விடணும்லா. அந்தத் தண்ணிய அவளே விட்டா. நான் சொல்லல, கேட்டுக்கோ. காலையிலயும் சாயந்தரமும் கொடத்துல கொண்டாந்து ஊத்துவா, மேல விரிச்ச சாக்கு நனையுத மாதிரி. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. பரவால்ல, புத்தி வந்துட்டு, நம்ம வழிக்கு வந்துட்டான்னு இருந்தேன். அவ ஊத்துத அழகப் பாத்துட்டு, ஒரு நல்ல பவுண்டனா வாங்கி வப்போம், அவளும் பாத்துக்கிட்டு இருக்கட்டுமேன்னுதான் இந்த அன்னத்த வாங்குனேன். ஆமா, அவளுக்குந்தான் வாங்குனேன். அவகிட்டச் சொல்லல. இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாவளா?

இசக்கி வந்து சாக்க எடுத்துட்டுத் தட்டிப் பாத்தான். இறுகிட்டான்னு வடிவு கேட்டா. இறுகிட்டு மதினி, இனி இதுமேல தேர நிறுத்துனாலும் தாங்கும்னான். சரின்னா. உள்ள போனா. சேல மாத்திட்டு வாரா. ஒரு கையில துணிப் பை, இன்னொரு கையில அந்தப் பாதாளக்கரண்டி. எங்க போறன்னேன். சோறு வடிச்சு வச்சிருக்கேன், இந்தக் கரண்டி ஆவுடைக்குள்ளது, குடுக்கப் போறேன்னா.

அப்படியே பட்டாசல் வழியா நடந்து, அந்த நிலையில குனிஞ்சு, தெருவுல எறங்குதா. நல்ல பகல். தேர்முட்டியில இருந்து ஆளு வாற நேரம். எதுத்த வீட்டுக்காரி கோலப்பொடி சலிச்சுக்கிட்டு இருக்கா, அவ சல்லடைய அப்படியே வச்சுட்டுப் பாக்கா. இவ கையில கொக்கி கொக்கியா தொங்குது, என்னமோ பிடிக்கப் போற மாதிரி. எங்க படி எறங்குனா, அவன் படி ஏறுனா. நான் வாசல்லயே நிக்கேன். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனான்னா ஊர்ல நாலு பேரு கேப்பான், ஒரு பதிலு சொல்லலாம். பக்கத்து வீட்டுக்குப் போனான்னு எவங்கிட்டச் சொல்ல? அதுவும் சண்டை போடாம, சத்தம் போடாம, சோத்த வடிச்சு வச்சுட்டுப் போறா.

குடுத்துட்டு வருவான்னு இருந்தேன். வரல. பொழுது சாயுத வரைக்கும் பாத்தேன். பொறவு நானே போயி தெருவுல நின்னேன். அவன் படியில கால வைக்கல, அது நான் செத்தாலும் நடக்காது. தெருவுல நின்னு, ஏ குத்தாலம்னு கூப்புட்டேன். அவன் வந்தான். எத்தனையோ வருசம் கழிச்சு மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கேன். தல பூரா நரச்சுப் போச்சு பயலுக்கு. அவள வரச்சொல்லுன்னேன். மதினி சாப்புட்டுக்கிட்டு இருக்காவ, பொறவு வாண்ணேன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்தப் போறான். எப்படித் திமிரு பாத்தியா? என் பொண்டாட்டியப் பாக்க எனக்கு நேரங் குறிக்கான்.

அதுக்குள்ள அவளே வந்துட்டா. எச்சிக் கையோட வந்து நடையில நின்னுக்கிட்டு, கெணத்தத் தொறங்க, நான் வாரேன்னா. அவ்வளவுதான். அழல, ஏசல. கெணத்தத் தொறங்க, நான் வாரேன். இப்பத்தான போட்டேன், கான்கிரீட்டுல்லா இதுன்னேன். தெரியும், தண்ணி ஊத்துனவ நாந்தானன்னுட்டு உள்ள போயிட்டா.

எம் மகன் பூனாவுல இருந்து போன் பண்ணுதான். அப்பா, ஒரு ஆள வச்சு ஒடைச்சு விட்டுருங்கன்னு. அவனுக்கு எல்லாம் லேசு. நான் ஒரு கல்ல நட்டா நட்டதுதான், அத நானே பிடுங்குனேன்னா ஊர்ல என்ன பேரு? அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். ஓட்டல்ல சாப்புடுதேன். சாம்பார்ல சீனியப் போடுதானுவ. அது கெடக்கட்டும்.

புல்லு என்னாச்சுன்னு பாரு. அன்னா, வைக்கோல் மாதிரி. அவ போனதும் மஞ்சளாச்சு, பொறவு கறுத்துது, இப்ப மண்ணு. நெழலு, நெழலுன்னு அந்த நர்சரிக்காரன் அதையே சொல்லுதான். போன எடுக்கவும் மாட்டேங்கான். அதனாலதான் ஒன்னக் கூப்புட்டது. இப்ப வேலைய விசயமா பேசுவோம்.

புல்லு வேண்டாம். எனக்கு வேண்டியது வேற. அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வரக்கூடாது. செவுத்து நெடுக நெருக்கமா, ஒசரமா, எதயாவது வையி. மூங்கில் வைக்கலாம்னு பொஸ்தகத்துல போட்டிருக்கான். சத்தத்தத் தடுக்குமாம்லா?

என்ன சத்தமா? சிரிப்புச் சத்தம்.

மத்தியானம் ஆனாப் போதும். மொதல்ல நான் டீவின்னு நெனைச்சேன். பொறவு, குத்தாலம் வீட்டுக்கு எவளோ சொந்தக்காரி வந்திருக்கா, நாகரிகம் தெரியாதவ, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கான்னு நெனைச்சேன். ஒரு பொம்பள இப்படியா சிரிப்பா? பால்காரிகிட்டக் கேட்டேன், அங்கன யாரு புதுசா வந்திருக்கான்னு. யாருமில்லயே, ஒங்க வீட்டம்மாதான சிரிக்காவன்னா. எனக்கு நம்பிக்கை இல்ல. அவ குரலு எனக்குத் தெரியாதாம்மா? இருமுனா தெரியும், தும்முனா தெரியும், அடுத்த அறையில மூச்சு விட்டாக்கூடத் தெரியும். இது அவ இல்லன்னுதான் சொன்னேன். பொறவு ஒருநாள் இங்கன வந்து நின்னு நல்லாக் கேட்டேன். சிரிச்சு முடிச்சுட்டு, ஏட்டி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுன்னா. அவதான்.

எங்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல. நான் என்ன, சிரிக்காதன்னா சொன்னேன்? சட்டம் போட்டது பேச்சுக்குத்தான், சிரிப்புக்கா போட்டேன்?

கெணத்தத் தொறந்துட்டா நல்லா இருக்கும்னு நீ சொல்லாத. நீ வந்ததுலருந்து அந்தக் கெணத்து சிலாபையே பாக்க. தொறந்தா காத்து வரும், சேம்பு வைக்கலாம், கறிவேப்பிலை வைக்கலாம்னு ஏதாவது சொல்லிக்கிட்டு வருவ. ஒங்க படிப்புல அப்படிச் சொல்லிக் குடுத்திருப்பாவ. அந்தப் பேச்ச விடு. அதுக்குத்தான் ஒன்னக் கூப்புட்டேன்னு நெனைக்காத.

சத்தம் செவுத்துக்கு மேல வரல, பைப்பு வழியா வருதுங்கியா? அது எனக்கும் தெரியும். அவளுவ இப்பவும் கெணத்தடியிலதான் உக்காந்து பேசுதாளுவ, கீழ போயி இந்தப் பைப்பு வழியா மேல வருது. மூடி போட்டு அடைக்கலாமா? அது எப்படி அடைக்கது? கெணத்து மூச்ச அடைக்கக் கூடாதும்மா, பாவம். இசக்கிகிட்டக் கேட்டுப் பாரு. அதத் தொடாத. இந்த நாற்காலியையும் நகத்தாத, அது பைப்புப் பக்கத்துலயே இருக்கட்டும், எனக்கு இங்கனதான் முதுகுக்கு வசதி. மூங்கில மட்டும் வையி.

என்ன சொன்ன? பவுண்டனப் போட்டு விட்டா தண்ணிச் சத்தத்துல அந்தச் சத்தம் கேக்காமப் போயிருமா? செலவே இல்லாம?

மோட்டர்ல ஒரு கோளாறும் கெடையாது. காலையில போடுவேன். சாயந்தரம் போடுவேன். மத்தியானம் மட்டும் போடுததில்ல. ஏன்னா கேக்க? அதப் போட்டா ஒண்ணும் கேக்காதுல்லா.